ஏழாம் பாரம்

எது முதலில் நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். நூலகர் அழுதது முதலிலா, பல் மருத்துவர் கேட்டது முதலிலா என்று இன்னும் குழம்புகிறேன். ஆனால் புத்தகம் வந்த பிறகான அந்த ஆறு வாரமும் எங்கள் ஊர் நாவலாசிரியர் தொலைபேசியை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்பது நிச்சயம்.

அவருடைய கட்டுரைத் தொகுப்பு வெளிவந்திருந்தது. அதில் ஒரு கட்டுரை அவர் அக்காவுக்காக எழுதியது. தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் நின்றுபோன கல்யாணத்தைப் பதினோரு வருடங்களுக்கு முன் நாவலாக்கி அவர் பெயர் வாங்கியிருந்தார். அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நேரில் கேட்க வாய் வராத மன்னிப்பைத்தான் இப்போது கட்டுரையாக்கியிருந்தார். முதல் பிரதியே அவளுக்குத்தான் போனது.

மற்றவர்கள் எல்லாரும் பேசினார்கள். பல் மருத்துவர் அவர் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டு, "கட்டுரையெல்லாம் சரி சார், அடுத்த நாவல் எப்போ?" என்றார். மைத்துனர் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "போன தடவைக்கு இளைச்சுட்டீங்களே!" என்றார். நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "அக்கா கட்டுரைல அழுதுட்டேன் சார்."

அந்த அக்காவிடமிருந்துதான் ஒரு சத்தமும் இல்லை. அவள் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"படிச்சாங்க மாமா. மூடி வச்சிட்டு பட்டன் தைக்கப் போயிட்டாங்க."

'கல் நெஞ்சுக்காரி' என்று சுவரைப் பார்த்துத் திட்டித் தீர்த்தார்.

பிறகுதான் முன்பின் தெரியாத ஒரு பேருந்து நடத்துநரின் கடிதம் வந்தது. 'பக்கம் 81 முதல் 96 வரை இரண்டு தடவை வருகிறது. 97 முதல் 112 வரை காணோம். வேறு யாரும் சொல்லவில்லையா?'

யாரும் சொல்லவில்லை. அச்சான தன் புத்தகத்தை அவரும் பிரிப்பதில்லை; ஒரு பிழை கண்ணில் பட்டால் ஒரு வாரத் தூக்கம் போய்விடும். அன்று பிரித்தார். அக்கா கட்டுரையே இல்லை. அப்படியானால் நூலகர் எதைப் படித்து அழுதார்?

அச்சகத்தில் பைண்டர் தலையைச் சொறிந்தார். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். "ஆறாம் பாரத்தையே ஏழாவது இடத்துலயும் வச்சு அடுக்கிட்டோம் சார். இதுவரை கட்டின ஐநூறும் அப்படித்தான். நீங்களாவது பாத்திருக்கக் கூடாதா?"

மூலையில் கிடந்த தாள் கட்டிலிருந்து ஏழாம் பாரம் ஒன்றை உருவிக்கொண்டு அக்கா கடைக்கு ஓடினார். அவள் தலை நிமிரவில்லை.

"பொருளடக்கத்துல தலைப்பு இருந்துச்சு. பக்கத்தைத் தேடினேன், இல்ல. கடைசி நேரத்துல பயந்து நீயே எடுத்துட்டியோன்னு நினைச்சேன்."

"உன்கிட்ட கேக்காம எடுப்பேனாக்கா?"

"என் கதைய எடுத்தப்ப கேட்டியா?"

அவர் பாரத்தை நீட்டினார். தையல் மெஷின் ஒரு சட்டைக் கை முழுக்க ஓடி முடித்தது.

"வச்சிட்டுப் போ."

விற்காத பிரதிகளைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். நடத்துநருக்குச் சரியான பிரதி போனது. மற்ற கட்டுரைகளே தேவலை என்று எழுதினார். நூலகர் இப்போதும் அதே கட்டுரைக்குக் கண்ணைத் துடைக்கிறார். அக்கா அந்தத் தாளைப் படித்தாளா என்று யாரிடமும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் மகளிடம் புதிதாகத் தைத்த ஒரு சட்டையைக் கொடுத்தனுப்பினாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய அளவு, கழுத்து இறுக்கம். அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்.