வாசல்காரன் மூக்கு

என் மூக்கு செத்துப் பதினோரு வருஷமாகிறது. முகத்தில்தான் இருக்கிறது, கண்ணாடியைக்கூடத் தாங்குகிறது. வாசனை மட்டும் தெரியாது. அமிலக் கிடங்கில் வேலை பார்த்ததற்குக் கிடைத்த சன்மானம். இதைச் சொல்லாமல்தான் தெருப்பிள்ளைகள் விடுதியில் வாசல்காரனாகச் சேர்ந்தேன்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் ஊற்றிப் போதைக்காக முகர்ந்து பழகிய பிள்ளைகள். விடுதியை நடத்தும் அக்கா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். சாயங்காலம் உள்ளே வருகிறவர்கள் என் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். முகர்ந்ததை ஒப்புக்கொண்டால் குளியல், சாப்பாடு, படுக்கை. பொய் சொன்னால் அன்றைக்குக் கதவு கிடையாது. மறுநாள் காலையில் வரலாம்.

"அடிக்கவும் வேணாம், கெஞ்சவும் வேணாம் தாத்தா. சொன்னா சொன்னபடி நடக்கணும், அவ்ளோதான்" என்பாள்.

வாசனை தெரியாதவன் என்ன செய்வது? முதல் நாளே பிள்ளைகளை உட்காரவைத்து என் மூக்கின் வரலாற்றைச் சொன்னேன். எதிர்க்காற்றில் வந்த லாரியை நிறுத்தி, இடப்பக்கம் மூன்றாவது மூட்டையில் ஒரு வெங்காயம் அழுகியிருக்கிறது என்றதையும், டிரைவர் பிரித்துப் பார்த்துவிட்டு என் காலில் விழுந்ததையும். போலீஸ் நாய் ஜலதோஷத்தில் படுத்தபோது மூன்று நாள் அதற்குப் பதிலாக நான் டியூட்டி பார்த்ததையும். சாப்பாடு மோசமில்லை, சங்கிலிதான் கொஞ்சம் இறுக்கம் என்றேன். அதில்தான் முழுசாக நம்பினார்கள்.

பிறகு வேலை சுலபம். ஊதுவார்கள், நான் கண்ணை மூடி "ம்" என்பேன். முகர்ந்தவன் தானே உண்மையைக் கக்கிவிடுவான்.

தந்தி என்று ஒரு பெண். பதினோரு வயது. தெருவில் எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து சொல்வதால் அந்தப் பெயர். சொல்யூஷனைத் தொடாத நாட்களை வாசலில் விரல் நீட்டிக் காட்டுவாள். ஒன்பது விரல் நீட்டிய மறுநாள் கண் சிவந்து, கால் பின்ன, நாக்குக் குழற வந்தாள். இந்தக் கோலத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

"ஊது."

ஊதினாள். "ம்" என்றேன்.

"இல்ல தாத்தா."

"என் மூக்கு பொய் சொல்லுமா?"

கொஞ்ச நேரம் என் மூக்கையே பார்த்தாள். "இன்னுமா அடிக்குது?"

"மூணு தெருவுக்கு அடிக்குது."

வாயாடுவாள் என்று காத்திருந்தேன். திரும்பி நடந்தாள். தாழ்ப்பாளைப் போட்டேன். அக்காவுக்கு முகம் வாடியது. கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

காலையில் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் டயர் கடைக்குப் பின்னால் கிடைத்தாள், கையில் துணியோடு. தூக்கி வந்து படுக்கவைத்தோம். விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா தெர்மாமீட்டரை உதறினாள்.

"வாசலுக்கு வந்த அன்னிக்கே உடம்பு சுட்டுச்சுன்னு பிள்ளைங்க சொல்றாங்க. காய்ச்சல்லதான் கண்ணு செவந்திருக்கு. யாரும் நெத்தியில கை வெச்சுப் பாக்கலையா?"

நான்தான் அந்த யாரும்.

தந்தி கண்ணைத் திறந்தாள். "ஒம்போது நாள் தொடவே இல்ல தாத்தா. அப்பவும் உங்க மூக்குக்கு அடிச்சுதே. உள்ள ஊறிப்போச்சு, இனி போகவே போகாதுன்னு நெனச்சேன். போகாதுன்னா எதுக்கு விடணும்?"

என் புளுகைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. நம்பிப் படுத்தவள் இவள் ஒருத்திதான்.

"எனக்கு மூக்கே கெடையாதும்மா."

"அப்ப அது என்ன?"

"கண்ணாடி ஸ்டாண்டு."

அவள் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த யாருடைய காலுறையையோ எடுத்து என் மூக்கில் வைத்து அழுத்தினாள். நர்ஸம்மா இரண்டடி தள்ளி நின்றாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன வாசம்?"

"தெரியல."

"வெங்காய லாரி?"

"லாரி இருந்துச்சு."

அக்காவிடம் அன்றே ஒப்புக்கொண்டேன். "பொய் சொன்னா வெளியதானே தாத்தா?" என்றாள். சட்டப்படி அன்றிரவு என் வீட்டில் படுத்தேன். இப்போது முகர்வது நர்ஸம்மா. அதற்கு முன் நெற்றியில் கை வைக்கிறாள். எனக்குத் தாழ்ப்பாள் மட்டும்.

தந்தி மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினாள். நர்ஸம்மாவிடம் ஊதிய பிறகு தினமும் என்னிடமும் வந்து நின்று ஊதுகிறாள்.

"என்ன வாசம்?"

"தெரியலம்மா."

அந்தப் பதிலைக் கேட்காமல் அவள் உள்ளே போவதில்லை. நேற்று நான்கு விரல்.