விரிப்பின் நாலு மூலை

அசுரன் எங்கள் லாண்டரிக்கு எதிரே முச்சந்தியில் நின்றான். தேவர்கள் மொட்டைமாடிகளுக்கு மேலே ரதங்களை நிறுத்திக்கொண்டு அஸ்திரம் விட்டார்கள். விடுவதற்கென்ன, கீழே இருப்பவர்கள் நாங்கள்தானே. அவன் ரத்தம் ஒரு சொட்டு தரையில் விழுந்தால் போதும், அதிலிருந்து அவனைப் போலவே இன்னொருவன் எழுந்துவிடுவான். அப்படி எழுந்தவர்களை அக்னி அஸ்திரம் பொசுக்கிவிடும். மூத்தவனை மட்டும் நெருப்பு தொடாது. அவனை அம்பால் குத்திக் குத்தித்தான் ரத்தம் வற்றவைக்க வேண்டும்.

மத்தியானம் மேலிருந்து ஓர் அதிகாரி இறங்கிவந்தார். எங்களிடம் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் போடும் ரப்பர் விரிப்புகள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியுமோ. அவன் காலடியில் விரித்துப் பிடித்து ரத்தத்தை ஏந்தவேண்டும், நிறைந்ததும் கடைக்குள் கொண்டுபோய்க் கொதிக்கும் கொப்பரையில் ஊற்றவேண்டும் என்றார். நீங்களே பிடிக்கலாமே என்று கேட்டேன். தேவர்கள் தரையில் கால் வைப்பதில்லையாம். நல்ல வசதிதான்.

ஒரு விரிப்புக்கு நாலு பேராக இரண்டு குழு போட்டோம். ஒன்று ஊற்றப் போகும்போது மற்றது வந்து ஏந்தும். என் குழுவில் நான், நாத்தனார், இஸ்திரிக்காரர், வண்டிக்காரர். என் வீட்டுக்காரர் கொப்பரைக்கு அடுப்பெரித்தார். எங்களை ஒரு பொருட்டாகவே அசுரன் நினைக்கவில்லை.

சாயங்காலம்வரை சரியாகத்தான் போனது. ஐந்தாறு நடைக்குப் பிறகு கொப்பரையில் ஊற்றிவிட்டு வெளியே வந்தோம். ஈரத்துணி கையில் வந்தால் ஓர் உதறு உதறாமல் எங்களால் இருக்க முடியாது. பிறந்ததிலிருந்து அதே பிழைப்பு. நாத்தனார் வாசலில் நின்று விரிப்பை ஓங்கி உதறினாள். ஓரத்தில் ஒட்டியிருந்தது தெருவெல்லாம் தெறித்தது.

தெறித்த இடத்திலெல்லாம் அசுரர்கள் எழுந்தார்கள். அக்னி அஸ்திரம் வருவதற்குள் மற்றக் குழுவில் ஒருவரும் மிச்சமில்லை. சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த என் வீட்டுக்காரரை ஒருவன் கதாயுதத்தால் அடித்துப் போட்டுவிட்டான். நான் அவரிடம் போகத் திரும்பினேன். அதற்குள் மூத்தவன் தோளில் அடுத்த அம்பு பாய்ந்தது. நாலு பேரும் விரிப்போடு அங்கே ஓடினோம். வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் கடைவாசலில் கிடந்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை. நாத்தனார் கடைக்கு முதுகு காட்டி நின்றாள். எனக்கு அவர் முகம் நேராகத் தெரிந்தது.

"கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்" என்றார்.

மேலே பார்த்துக் கத்தினேன். ஒரு நிமிஷம் அம்பு விடாதீர்கள், ஊற்றிவிட்டு வந்துவிடுகிறோம் என்று கெஞ்சினேன். மந்திரம் சொல்பவர்களுக்குக் காது கேட்குமா?

நாத்தனார் அழுதுகொண்டே, "அண்ணி, உங்க மூலையையும் நானே பிடிச்சுக்கறேன். நீங்க போங்க" என்றாள்.

கொடுத்துப் பார்த்தேன். விரிப்பு நல்ல அகலம், அவளுக்கோ குட்டைக் கை. ஒரு பக்கம் தொய்ந்து ரத்தம் விளிம்புவரை ஓடிவந்தது. பாய்ந்து திரும்பப் பிடித்துக்கொண்டேன். இரண்டடி போயிருப்பேன், அவ்வளவுதான்.

அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து "ஏய்" என்பதைத் தவிர வேறு சொல் வராத மனிதர். இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று நின்ற இடத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். விரிப்பு கனத்துக்கொண்டே போனது.

பிறகு அவர் கூப்பிடவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தபடி இருந்தது. மேலே அடுத்த அஸ்திரத்துக்கு மந்திரம் தொடங்கியது.

"அண்ணி, அண்ணன் சத்தம் கேக்கலையே" என்றாள் நாத்தனார். அவள் மூலை நழுவப் பார்த்தது.

"எனக்குக் கேக்குது. நீ பிடி" என்றேன்.