சத்தத்தில் பொரிந்த கட்லெட்

போலந்தின் ராதோம் நகரத்து அந்த அடுக்குமாடியில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்தால் போதும், சுவருக்குச் சுவர் இறைச்சி தட்டும் சுத்தியல் முழங்கும். மூன்றாம் மாடியில் போக்னாவும் கட்லெட்டுக்கான பன்றியிறைச்சித் துண்டுகளை யாருக்கும் சளைக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். கட்லெட் இல்லாத ஞாயிறு அங்கே ஞாயிறே இல்லை.

கணவன் காஜிக் பஸ் ஓட்டுபவன். வசந்தத்தில்தான் அவன் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பில் முக்கிப் பொரித்தது இனி கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பொரிக்காத கட்லெட்ட என் முன்னால வச்சே, நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். அங்க சட்டி நிறைய பன்றிக்கொழுப்புதான்," என்றான் காஜிக்.

வெறும் மிரட்டல் இல்லை, போன ஞாயிறு போயே விட்டான். அவன் திரும்பி வரும்வரை போக்னா ஜன்னலோரம் நின்றாள். அவன் செத்துப்போவான் என்று நிஜமாகவே பயந்தாள். இன்று பயமில்லை. திட்டம் இருந்தது.

ஓரக் கொழுப்பை நறுக்கி எறிந்தாள். ரொட்டித்தூளை முன்கூட்டியே வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து வைத்திருந்தாள். மாவு, முட்டை, தூள் என்று புரட்டி, கம்பித்தட்டில் அடுக்கி, மேலே எண்ணெயைத் தொட்டுத் தடவி ஓவனுக்குள் தள்ளினாள். வெள்ளரிப் பச்சடிக்குக் கிரீமுக்குப் பதில் தயிர். வாசனைக்குக் கவலையில்லை, மேல்மாடிக்காரி பொரிப்பது புகைபோக்கி வழியாக வந்துகொண்டிருந்தது.

சத்தம்தான் பாக்கி. எஞ்சின் உறுமலை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் காஜிக், கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன, சட்டி வாயே தொறக்கல?"

"சூடாகட்டும்யா, பறக்காத!"

வெறும் சட்டியை அடுப்பில் காயவைத்து, தண்ணீரை அள்ளித் தெளித்தாள். சுர்ரென்று அலறியது. மறுபடி தெளித்தாள். கூடத்திலிருந்து திருப்தியான ஒரு செருமல் வந்தது.

மேஜையில் கத்தி பட்டதும் கட்லெட் மொறுமொறுவென்று உடைந்தது. காஜிக் முதல் கட்லெட்டைத் தின்று முடித்தான். இரண்டாவதையும் எடுத்துக்கொண்டான். சாறு ஒட்டிய தட்டை உருளைக்கிழங்கால் துடைத்தான்.

"எப்படி இருக்கு?" போக்னாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு." அவன் எழுந்தான். மேல்கோட்டு மாட்டியிருந்த கொக்கியைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

காஜிக் காலிச் சட்டியை அடுப்பில் வைத்து, சூடேறும்வரை காத்திருந்தான். பிறகு குழாயடியில் விரலை நனைத்து, ஒவ்வொரு சொட்டாக உதறினான். சுர்... சுர்... மெல்லப் பொரிந்தது.

"கொழுப்பு அப்படிக் கத்தாது, போக்னா. அடுத்த வாரம் இப்படித் தெளி."