வேப்பமரத்தடியில் கழற்றிய செருப்பு

அரக்கு முத்திரை வைத்த துணிப்பையிலிருந்து எடுத்து, அந்த நீலச் செருப்பு ஜோடியைக் கோர்ட்டு மேசைமேல் வைத்தார்கள். இடது கால் வார் ஒருமுறை அறுந்து, மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வாசலில் மஞ்சள் நூல் போட்டுத் தைத்தது. மருதுவின் செருப்புதான். அவனே ஒப்புக்கொண்டிருந்தான். அங்கேதான் கண்ணுகளா, சிக்கலே.

மருதுவுக்கு இருபத்தாறு வயது. அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஓர் ஊரில், காலனியில் வீடு. பி.காம். முடித்துவிட்டு லோடு ஆட்டோ ஓட்டினான். காலையில் ஊர்த்தெருவில் நாலைந்து வீடுகளில் மல்லிகைப்பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டுபோய் மாட்டுத்தாவணியில் இறக்குவான். தை மாதம் ஒருநாள், அவன் மூட்டை ஏற்றிப் போன பிறகு, அந்தத் தெருவில் அழகம்மாள் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் நெம்பிக் கிடந்தது. பீரோவிலிருந்த ரெட்டைவடச் சங்கிலியைக் காணோம். பின்வாசலில் அந்தச் செருப்பு கிடந்ததாகச் சொல்லிப் போலீஸுக்குக் காட்டியவன், அழகம்மாளின் ஒரே மகன் பாண்டிராஜ்.

நாற்பத்தொரு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு மருது ஜாமீனில் வந்தான். செருப்பு உன்னுடையதா என்று கேட்டபோது, "ஆமா, என்னோடதுதான். அன்னைக்குக் காணாமப் போச்சு" என்றான். எங்கே விட்டாய், எப்படிக் காணாமல் போனது என்று கேட்டதற்கெல்லாம் வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காதவனைக் கள்ளன் என்று எழுதிக்கொள்வது எவ்வளவு சுலபம், நீங்களே சொல்லுங்கள்.

அவனுக்காக வாதாடிய வக்கீல் தமிழ்வாணி. பசுமலையில் படித்தவள், அவளும் ஒரு காலனியிலிருந்து வந்தவள்தான். வழக்குக் கட்டைப் பத்துத் தடவை புரட்டியும் அவளுக்குப் பிடி கிடைக்கவில்லை. கிடைத்தது போன வாய்தா அன்றைக்கு, கோர்ட்டு வராண்டாவில். மருதுவின் அம்மா முனியாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள்:

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலத்தா. இவன் செருப்பு எப்படி அவுக வீட்டுப் பின்வாசலுக்குப் போகும்? மோட்டார் ரூம் பக்கத்துல, வேப்பமரத்தடியில கழட்டிப் போட்டுட்டுத்தான நம்ம சனம் அந்தத் தெருவுக்குள்ள போகும்."

தமிழ்வாணி நிமிர்ந்தாள். "இப்பவுமா?"

"எப்பவுந்தேன். ஏன், இப்ப என்ன?"

தமிழ்வாணி மருதுவைப் பார்த்தாள். அவன் எழுந்து தூண் பக்கம் போய் நின்றுகொண்டான். அவள் பின்னாலேயே போனாள்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"அதைக் கேக்காதீங்க அக்கா."

"அன்னைக்கும் கழட்டிப் போட்டுட்டுத்தான் போனியா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு, "திரும்பி வந்து பாக்குறேன், செருப்பக் காணோம். நாய் இழுத்துட்டுப் போயிருக்கும்னு வெறுங்காலோடயே சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன்" என்றான்.

"இதச் சொன்னா வெளிய வந்துரலாம். சொல்லலைன்னா உள்ள போயிருவ. வருசக்கணக்குல."

"போறேன். காலேஜ்ல எம்புட்டுப் பேசியிருக்கேன் தெரியுமா? மேடையேறிப் பேசியிருக்கேன். ஊருக்கு வந்தா, வேப்பமரத்தடியில கழட்டிப் போட்டுட்டுப் போறேன். இதை நான் கூண்டுல நின்னு எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

"நீ சொல்ல வேணாம். நீ சொன்னா நம்பவும் மாட்டாங்க. உங்க ஊருக்குத் தீண்டாமை இல்லாத ஊர்னு கவர்மெண்டு பரிசு கொடுத்திருக்கு. தெருக்காரங்க அவங்க வாயாலயே சொல்லணும்."

மருது சிரித்தான். "அவுகளா? கேசு ஆகும்னு தெரிஞ்சா சொல்லுவாக?"

அவன் கேட்டது நியாயம்தான். அப்படியொரு வழக்கம் உண்டென்று ஒப்புக்கொண்டால் தீண்டாமைக்கென்று தனிக் கேசு வரும். பாண்டிராஜுக்கு அது தெரியும். குறுக்கு விசாரணையில் என்ன கேட்டாலும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும்படி தாயைப் பழக்கியே கூட்டிவந்திருந்தான். ஆனால் அவனும் ஓரிடத்தில் அதிகப்படியாகப் போய்விட்டான். செருப்பின் அடையாளம் உறுதியாக நிற்கட்டும் என்று, "அன்னைக்குக் காலையில பூ எடுக்க வந்தப்ப அவன் இந்தச் செருப்பத்தான் போட்டிருந்தான்னு சொல்லிரும்மா" என்று சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தான். மருதுதான் எடுத்தான் என்று அழகம்மாள் முழுசாக நம்பினாள். கள்ளனைப் பிடிக்கச் சின்னப் பொய் சொன்னால் என்ன என்று நினைத்து, அரசு வக்கீல் விசாரித்தபோது அப்படியே சொல்லியும் வைத்தாள்.

அன்று கோர்ட்டு நிறைந்திருந்தது. பின்பெஞ்சுகளில் அழகம்மாளின் பங்காளிகள், சம்பந்தக்காரர்கள், நடுவில் பாண்டிராஜ். மேலே மாஜிஸ்திரேட் ஹாலாஸ்யம். அறுபதை நெருங்கியவர், அதிர்ந்து பேசாதவர். சாட்சி சொல்லச் சொல்ல, அவர் அதைக் கோர்ட்டுத் தமிழில் திருப்பிச் சொல்வார், டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டே போவாள். கூண்டில் மருது, வெள்ளைச் சட்டையில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சாட்சிக் கூண்டில் நின்ற அழகம்மாளைக் குறுக்கு விசாரணை செய்யத் தமிழ்வாணி எழுந்தாள்.

"அன்னைக்குக் காலையில மருது உங்க வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாராம்மா?"

"வந்தான். பூ மூட்டை எடுக்க."

"இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு?"

"ஆமா."

"தினமும் வருவாரா?"

"தினமுந்தேன்."

"தினமும் செருப்போடதான் வருவாரா?"

அழகம்மாளின் கண் பின்பெஞ்சுக்குப் போனது. பாண்டிராஜ் லேசாகத் தலையை அசைத்தான்.

"எனக்குத் தெரியாது."

"உங்க தெருவுல காலனி ஆளுங்க செருப்புப் போட்டு நடக்கிறதுல ஏதாச்சும் தடை உண்டா?"

"எனக்குத் தெரியாது."

"பிறந்ததுலருந்து அந்த ஊர்தானே உங்களுக்கு?"

"ஆமா."

"அப்படியும் தெரியாது?"

"தெரியாது."

டைப்பிஸ்டின் விரல்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தன. அரசு வக்கீல் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வாசலில் நின்றிருந்த முனியாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இதுவும் போய்விட்டால் கேட்பதற்குத் தமிழ்வாணியிடம் வேறு கேள்வி இல்லை. குரலைத் தணித்து, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிப் பேசினாள்.

"சந்தோஷம்மா. அப்ப உங்க வீட்டுல வித்தியாசமே பாக்குறதில்ல. மருது செருப்போட பின்வாசல் வரைக்கும் வருவாரு. படலைத் திறந்துக்கிட்டு முற்றத்துக்கும் வருவாரு. இல்லையா?"

அழகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வெயில் நேரத்துல அடுப்படி வரைக்கும் வந்து உக்காருவாரு. நீங்க குடிக்கிற டம்ளர்லயே காப்பி கொடுப்பீங்க."

பின்பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். சம்பந்தக்காரர் ஒருவர் பாண்டிராஜின் காதருகே குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "என்ன மாப்ள, உங்க வீட்டு அடுப்படியில இதெல்லாமா நடக்குது? நாங்க வந்தா மோருதான கொடுத்தீக!"

இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். "அமைதி" என்றார் ஹாலாஸ்யம்.

அழகம்மாளின் முகம் கன்றிப்போனது. சாட்சிக் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏ பிள்ள, நிறுத்து! எங்க வீட்டப் பத்தி என்ன நெனச்சுக்கிட்ட? எங்க அப்பன் காலத்துலருந்து எவன் செருப்போட எங்க தெரு முக்கைத் தாண்டியிருக்கான்? வேப்பமரத்தடியில கழட்டிப் போட்டுட்டு, வெறுங்காலோட வந்து, படலுக்கு வெளிய நின்னு கூப்புடணும். இந்தா நிக்கிறானே, இவனும் அப்படித்தேன் வருவான். அன்னைக்கும் அப்படித்தேன் வந்து நின்னான். அடுப்படியாம்ல, அடுப்படி!"

"ஆத்தா!" என்று பாண்டிராஜ் எழுந்துவிட்டான்.

"உக்காருங்க" என்றார் ஹாலாஸ்யம். அவர் குரல் உயரவில்லை. ஆனால் கோர்ட்டே அடங்கியது.

அரசு வக்கீல் அவசரமாக எழுந்தார். "ஐயா, சாட்சி பதட்டத்துல ஏதோ..."

"அவங்க சொன்னதைத்தான் எழுதுறேன்." டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "எங்கள் தெருவில் காலனியில் வசிப்பவர்கள் யாரும் செருப்பு அணிந்து வருவதில்லை. தெருமுனையிலுள்ள வேப்பமரத்தடியில் கழற்றிவிட்டு, வெறுங்காலுடன் வருவது வழக்கம். சம்பவ நாளன்று மருதுவும் வெறுங்காலுடனேயே எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்." பிறகு சாட்சிக் கூண்டைப் பார்த்தார். "நான் எழுதச் சொன்னது சரியாம்மா?"

தன் வாயிலிருந்து கொதித்து வந்தது இப்படிச் சுத்தமாக, ஆறிப்போய்த் திரும்பி வந்ததை அழகம்மாள் கேட்டாள். உதட்டை அசைத்து ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மேசைமேல் இருந்த நீலச் செருப்பைப் பார்த்தாள்.

"அப்ப..." என்றாள். "அப்ப அதை மரத்தடியிலருந்து எங்க வீட்டுக்குத் தூக்கியாந்தது யாரு?"

ஊர்த்தெருவில் காலனிக்காரன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாலும் கேள்வி கேட்பார்கள். யாரும் கேள்வி கேட்காமல் அதைத் தூக்கிவர, அந்தத் தெருவிலேயே பிறந்த ஒருத்தனால்தான் முடியும். அவள் திரும்பினாள். பாண்டிராஜ் தாயைப் பார்க்கவில்லை, கையிலிருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி பகலாக அதில் பணம் வைத்துச் சீட்டாடித் தோற்று, கார்த்திகையில் பைக்கை விற்றவன் அவன். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"சாட்சி, சரியா இல்லையா?" ஹாலாஸ்யம் மறுபடி கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். கோபத்தில் உளறிவிட்டேன், அவன் செருப்போடுதான் வந்தான் என்றால் மகன் தப்பிப்பான். பாண்டிராஜ் இப்போது நிமிர்ந்து அவளையே பார்த்தான். அவன் கண் கெஞ்சியது. பக்கத்தில் சம்பந்தக்காரர் இன்னும் அந்தச் சிரிப்பை முழுசாக விழுங்கவில்லை.

"சரிதான் சாமி" என்றாள் அழகம்மாள். "எங்க வீட்டு முற்றத்துல எவனும் செருப்போட நின்னதில்ல."

கையெழுத்துப் போட்டாள். மனசு இளகிப் போட்டாள் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். மகனைக் காப்பாற்றுவதைவிட வீட்டு முற்றத்தைக் காப்பாற்றுவது அவளுக்குப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். பேனாவை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். பிடிக்க வந்த மகனின் கையைத் தட்டிவிட்டாள்.

கூண்டில் நின்ற மருதுவின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. விடுதலை. அழகம்மாளின் சாட்சியத்தின் நகல் ஒன்றைப் போலீஸ் மேலதிகாரிக்கு அனுப்பி, அந்தத் தெரு வழக்கத்தின்மேல் நடவடிக்கை எடுக்கவும் ஹாலாஸ்யம் உத்தரவு எழுதியிருந்தார். பாண்டிராஜை அன்று கோர்ட்டுப் பக்கமே காணோம்.

வராண்டாவில் முனியாயி மகனின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். மருது சிரிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் தமிழ்வாணியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"கோவமா?" என்று கேட்டாள் அவள்.

"அந்தம்மா கத்துனப்ப, இது பொய்யின்னு யாராச்சும் சொல்லிர மாட்டாகளான்னு இருந்துச்சுக்கா. உள்ள போனாலும் போறேன், அது பொய்யாப் போயிரட்டும்னு."

தமிழ்வாணி மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். கோர்ட்டு உத்தரவு போனாலும், பாதிக்கப்பட்ட ஒருத்தர் பெயரோடு புகார் கொடுத்து, முன்னால் வந்து சொன்னால்தான் அந்தக் கேசு நிற்கும். இல்லாவிட்டால் ஃபைலுக்குள்ளேயே தூங்கிவிடும்.

முனியாயி பதறினாள். "வேணாம்த்தா! பிள்ளை வெளிய வந்ததே போதும். நாங்க அந்த ஊருலதான கெடக்கணும்?"

"நீ சும்மா இரும்மா" என்றான் மருது. வராண்டாக் கட்டையில் உட்கார்ந்தான். "எழுதுங்கக்கா. பேரு மருது. இந்தவாட்டி நானே சொல்றேன். நாளைக்குக் கூண்டுல ஏத்துனாலும் நானே சொல்றேன்."

தமிழ்வாணி பேனாவை எடுத்தாள். "எப்பலருந்து கழட்டுற? எத்தனை வயசுல?"

மருது யோசித்தான். அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

முனியாயி வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிவிட்டு, மகன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஆறு வயசுல" என்றாள். "பள்ளிக்கூடத்துல கொடுத்த செருப்பு. போட்டுக்கிட்டு ஓடப் பாத்தான். நாந்தேன் பிடிச்சு நிறுத்திக் கழட்டிவிட்டேன். அதையும் எழுதிக்கத்தா."