சாவி என்னிடம் இருக்கிறது

1

இந்தக் கதை எனக்கு ஃப்ரிட்ஜில் கிடைத்தது. உள்ளே அல்ல, கதவின் மேல். 'குடியை விட உதவும் கூட்டம்' என்று என் மனைவி குண்டு எழுத்தில் எழுதி, கீழே ஒரு போன் நம்பரும் போட்டு ஒட்டியிருந்தாள்.

"இதுக்கு இன்னைக்கே போன் பண்ணுங்க. இல்லைன்னா நானும் பொண்ணும் அக்கா வீட்டுக்குக் கிளம்பறோம்."

"நல்ல கரு. கதையா எழுதலாம்" என்றேன்.

முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் சிரித்துவிடுவாள். அன்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். போன் செய்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் குடியை விட முடிவெடுத்தபோது, வானம்..."

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.

இரண்டாம் முயற்சி: "ஞாயிறு மாலை நான்கு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கட்டடத்தை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தார்."

இது பரவாயில்லை. போனில் சொன்ன அடையாளம், பல் டாக்டருக்கு மேலே இரண்டாம் மாடி. பலகை எதுவும் கிடையாது. கீழே ஜெராக்ஸ் கடையில் விசாரித்தார்.

"மேல ஏதோ கூட்டம் நடக்குதாமே?"

"எது, செஸ்ஸா? குடியா?"

கடைக்காரருக்குக் கணீர்க் குரல். வரிசையில் நின்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"செஸ்" என்றார் மெக்கானிக்.

வாயால் சொல்லியாகிவிட்டது, வேறு வழி? செஸ் அறைக்குள் போய் உட்கார்ந்து, ஒரு டீச்சரிடம் பதினோரு நிமிடத்தில் தோற்றார். அடுத்த ஞாயிறும் தோற்றார். வீட்டில் "கூட்டத்துக்குப் போயிட்டு வந்தேன்" என்றார். அது பொய்யில்லை. திரும்பும் வழியில், தோற்ற துக்கத்துக்கு மட்டும், கொஞ்சம்...

3

ஒரு சந்தேகம். லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்கு லிஃப்டில் ஏறவே பயம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் பிழை எல்லாம் என் கண்ணில் பட்டுவிடும். மெக்கானிக்கை இத்துடன் விட்டுவிடுகிறேன். பாவம், அவர் குடிக்கிறவரே இல்லை, நான்தான்.*

* இதை நீங்கள் முன்னாலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

4

மூன்றாவது ஞாயிறு என் எதிரே வந்து உட்கார்ந்தவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்துக்கொண்டே இருந்தது. குடியை விடுகிறவர்கள் அழுவார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்! காது அங்கே போனதில் என் ராணி போயிற்று.

"தம்பி, நீங்க பக்கத்து ரூமுக்கு வந்தவர்தானே?"

"இல்லையே, நான் செஸ்..."

"குதிரையை நேரா ஓட்டறீங்க. நானும் இதே ரூம்ல ரெண்டு மாசம் ஒளிஞ்சு கிடந்தவன்தான். அதனாலதான் வாராவாரம் இங்க ஒரு எட்டு வந்து பாக்கறது. எந்திரிங்க."

டிக்கெட் எடுக்காத ஆளை இறக்கிவிடுகிற மாதிரி முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

அங்கே அவரோடு சேர்த்து ஒன்பது பேர். "நான் எழுத்தாளன். ஒரு கதைக்காகக் கவனிக்க வந்தேன்" என்று அறிமுகம் செய்துகொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நான் ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தேன்னு சொன்னேன்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"நான் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து விட வந்தேன்னு சொன்னேன். எனக்குக் கல்யாணமே ஆகலை" என்றார் நர்ஸ்.**

அப்புறம் நான் பேசினேன். [இங்கே என் மகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அந்த அறையில் அழுதது அந்த அறையோடு இருக்கட்டும்.] அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

 ** இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். தொழிலையும் மாற்றிவிட்டேன். மருந்துக் கடையில் போய்த் தேடாதீர்கள்.

5

கிளம்பும்போது கண்டக்டர் அறைச் சாவியை என் கையில் திணித்தார்.

"அண்ணே, நான் இன்னைக்குத்தானே வந்தேன்!"

"அதான். பழைய ஆளுங்க எப்படியும் வந்துடுவோம். புது ஆளு வரணும்னா அவன்கிட்ட சாவி இருக்கணும். வரலைன்னா ஒம்போது பேரும் தெருவுல நிப்போம்."

ஆறு ஞாயிறு திறந்தேன். அத்தனை நாளும் ஒரு சொட்டு இல்லை. பெட்டி பரணுக்குத் திரும்பிவிட்டது.

இன்றும் ஞாயிறு. மணி நாலு அடிக்கப் போகிறது. நான் இன்னும் மேசையில் இருக்கிறேன். கதைக்கு முடிவு வரவில்லை என்று காலையில் ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். சாக்கு என்று எனக்கே தெரிகிறது. மூடி திறக்கவில்லை.

முடிவு (அ): அவர் போகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு (ஆ): அவர் போகவில்லை. (இதைப் பிரமாதமாக எழுதுவேன். அனுபவம் உண்டு.)

முடிவு (இ): ஐந்து மணிக்கு மனைவியும் மகளும் நீச்சல் வகுப்பு முடிந்து உள்ளே வந்து, மேசையைப் பார்த்து...

எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது.

6

போன் அடித்தது. கண்டக்டர்.

"எங்க தம்பி இருக்கீங்க? இங்க மழை தூறுது. எல்லாரும் ஜெராக்ஸ் கடை வாசல்ல நிக்கறோம். கடைக்காரர் 'குடி இன்னைக்கு லீவா'ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி விசாரிக்கறார்."

"கதை முடியலைண்ணே. பக்கத்துல பாட்டில் இருக்கு."

மழைச் சத்தம் பலத்தது. கடை வாசலை விட்டுத் தள்ளி வந்திருக்கிறார்.

"திறந்தாச்சா?"

"இல்லை."

"அப்ப அப்படியே வெச்சுட்டு வாங்க. கொட்டிட்டு வர்றேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. கொட்டறதுக்குன்னு மூடியைத் திறந்து நானே நாலு தடவை குடிச்சிருக்கேன்."

வாசகரே, நான் கிளம்புகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது, பாட்டில் மேசையில் இருக்கிறது. அதைத் தொட எனக்குத் தைரியமில்லை. மனைவியும் மகளும் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இந்த வீட்டில் இப்போது உங்களைத் தவிர யாருமில்லை. சமையலறைத் தொட்டி வலது பக்கம். மூடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.