கோணல் துப்பாக்கி

கொழுந்தனில் தொடங்கிப் பால்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் கொழுந்தன் அண்ணன் பேரில் இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற விண்ணப்பம் எழுதி, ஆட்சேபணை இல்லை என்று அண்ணி கையெழுத்துப் போட ஒரு தாளையும் நீட்டினான். "பொம்பளைக்கு எதுக்கு அண்ணி இந்தத் தொல்லை" என்றான். ஏதோ அவள் தலையிலிருந்து விறகுக்கட்டை இறக்கி வைக்கிறவன் மாதிரி ஒரு முகம்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. மறுநாளே போய்த் தன் பேருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தாள்.

கொழுந்தனுக்குத் துப்பாக்கி எதற்கு என்றால், தோளில் மாட்டிக்கொண்டு நாலு பேர் பார்க்க நடப்பதற்கு. அண்ணிக்கு நாலு ஏக்கர் மக்காச்சோளம் இருக்கிறது. விடிகிற நேரத்துக்குக் காட்டுப்பன்றிகள் தாய்வீட்டுக்கு வருவது போல உரிமையோடு வந்து இறங்கும். தின்பது கால்வாசி, மிதிப்பது முக்கால்வாசி. இந்த வருஷமும் போனால் அடுத்த விதைப்புக்கு நிலம் அவள் கையில் நிற்காது.

லைசென்ஸ் அலுவலகத்தில் இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே கோப்பில் கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அங்கீகாரம் பெற்ற ரிப்பேர்காரரின் சான்று வரவேண்டும். வராவிட்டால் துப்பாக்கியை உருக்கப் போட்டுவிடுவார்கள். வந்தால், இருவரில் யாருக்குக் கையாளத் தெரிகிறதோ அவருக்கு லைசென்ஸ். ரிப்பேருக்குக் கொண்டுபோக அண்ணியின் கையில் ஒரு அனுமதிச் சீட்டும் கொடுத்தார்கள்.

பழுது என்னவோ உண்மைதான். தோட்டா போடத் திறந்து மூடுகிற கீலில் குழல்கள் ஆட்டம் கண்டிருந்தன. மூடினாலும் ஒரு தாள் நுழைகிற இடைவெளி. இடது குழலின் விசையை இழுத்தால் 'டிக்' என்பதோடு சரி.

திங்கட்கிழமை போன கடையில் புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பார்த்த ஆள் பூட்டு ரிப்பேரும் துப்பாக்கி ரிப்பேரும் ஒரே சுத்தியலால் செய்கிறவன். அவன் ஆட்டத்தையும் பார்க்கவில்லை, விசையையும் பார்க்கவில்லை. முதலில் தோளில் வைக்கிற இந்தக் கட்டை கோணலாக இருக்கிறது, அறுத்துப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும், அளவெடுக்க வீட்டு ஆம்பளை யாரையாவது அனுப்புங்கள் என்றான்.

கோணல். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துவிட்டது. புருஷனுக்கே 'கோணல் துப்பாக்கிக்காரர்' என்று பேர் வைத்துச் சிரித்திருக்கிறார்கள். அந்த மனுஷனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். பூட்டுக்காரனின் கையில் அப்போதே ரம்பம் இருந்தது.

புதன்கிழமை முசுடைக் கண்டுபிடித்தாள். தையல் மெஷின் உதிரிபாகம் விற்கிற சந்தில், இடுப்பை ஒடிக்கிற மாடிப்படிக்கு மேலே அவருடைய பட்டறை. அவர் பேர் என்னவென்று சந்தில் யாருக்கும் தெரியாது. முசுடு என்றால் கை காட்டுவார்கள். பெரிய பெரிய ஆட்களையே படியில் வைத்துத் திருப்பி அனுப்பியவராம். வேலையில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடச் சொன்னார்கள்.

உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார். குழல்களைக் கழற்றி ஒரு விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினார். சுத்தமான மணிச் சத்தம் வந்தது, விரிசல் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் குறைந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையைக் கீல் ஆணியில் பிடித்துக் கரியேற்றி, குழலை மாட்டி மூடித் திறந்தார். கரி ஒரு மூலையில் மட்டும் அழிந்திருந்தது. அந்த இடம் மட்டுமே தொடுகிறது, ஆணி தேய்ந்துவிட்டது, புதுசு கடைந்து போட வேண்டும், இடது பக்கம் ஸ்பிரிங்கும் உடைந்திருக்கிறது என்றார்.

பிறகு துப்பாக்கியைத் தூக்கி வலது தோளில் வைத்தார். முகம் சுளித்தது. இடது தோளுக்கு மாற்றினார். இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"இதுல யாரு சுட்டது?"

"வீட்டுக்காரர்." இருபத்திரண்டு வருஷம் பழகிய பதில், தானாக வந்துவிட்டது.

"அவருக்கு இடதுகைப் பழக்கமா? உங்க உயரம்தான் இருப்பாரா?"

அவள் சாக்கை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"வக்கீல்கிட்டயும் வைத்தியர்கிட்டயும் பொய் சொல்லக்கூடாதும்பாங்க. என்னையும் அதுல சேத்துக்குங்க." கட்டையின் வலப்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கன்னம் பட்டுப் பட்டு அந்த இடம் மெருகேறியிருந்தது. "காய்ச்சின எண்ணெய ஊத்தி வளச்சிருக்காங்க. இது கோணல் இல்லம்மா. இடது தோளுக்கு, குட்டைக் கைக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது."

அவளுக்குக் கண் நிறைந்தது. துக்கம் இல்லை, கோபம். எவனோ ஒருவன் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை, கூட இருந்த சனம் இத்தனை வருஷமாகப் பார்க்கவில்லையே என்ற கோபம். எல்லாவற்றையும் கொட்டினாள். வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், வெடிச் சத்தம் மட்டும் ஆகாது. முதல் நாள் ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எடுத்தவள் இவள். அன்று விழுந்த பன்றியிலிருந்து போன வருஷம் வரை சுட்டதெல்லாம் இவள்தான். லைசென்ஸ் அவர் பேரில் இருந்ததால் பேரும் அவருக்கே போனது. அவளுடைய தோள் நோகிறது என்று பின்கட்டில் எண்ணெய் காய்ச்சிக் கட்டையை வளைத்தது அவர்தான். கையைச் சுட்டுக்கொண்டதும் அவர்தான். கோணல் என்று கேலி செய்தவர்களிடம், என் கைவேலை லட்சணம் அப்படி என்று சொல்லிவிட்டுப் போனதும் அவரேதான்.

முசுடு ஒரு யோசனை சொன்னார். அதிகாரி முன்னால் இவள் இதைத் தூக்கினால், எங்கே பழகினாய் என்று கேட்பார். உண்மையான பதிலைச் சொன்னால், லைசென்ஸ் இல்லாமல் சுட்டதாகக் கேஸ். "கட்டைய நேராக்கித் தந்துடறேன். இப்பதான் கத்துக்கிட்டேன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாம இருந்தது போதும்" என்றாள். "ஆணிய மாத்துங்க. கட்டைமேல கை வைக்காதீங்க."

வியாழக்கிழமை முழுக்க முசுடு வேலை செய்தார். கடைவதும், கரி பிடிப்பதும், ஒரு இழுப்பு அரம் போடுவதும், மறுபடி கரி பிடிப்பதுமாகச் சாயங்காலம் ஆகிவிட்டது. முடிவில் கரி முழுவட்டமாக அழிந்தது. சான்றிதழில் குறிப்பு என்ற இடத்தில் 'கட்டை கோணல் அல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தின் பின்முற்றம். தோட்டா இல்லாத துப்பாக்கி. தோளில் வைத்து எதிர்ச் சுவரில் வரைந்த வட்டத்தைக் குறிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். கொழுந்தன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். தூக்கினான். கட்டை கழுத்தெலும்பில் போய் இடித்தது. கன்னம் கட்டையைத் தேடியது, கண் குழலைத் தேடியது, குழல் வட்டத்தை விட்டுவிட்டுக் குமாஸ்தாவைக் காட்டியது. குமாஸ்தா சட்டென்று தூணுக்குப் பின்னால் போனார்.

"துப்பாக்கி கோணல் சார்" என்றான் கொழுந்தன், விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவனாக. "எங்க அண்ணன் காலத்துலேர்ந்தே அப்படித்தான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அண்ணி. "குடுங்க தம்பி இப்படி."

தூக்கியதுதான் தெரிந்தது. துப்பாக்கி அவள் இடது தோளில் அடங்கி, குழல் வட்டத்தின் நடுவில் நின்றது. அசையவில்லை. இறக்கினாள், திறந்து காட்டினாள், மூடினாள். அதிகாரி சான்றிதழின் குறிப்பை இரண்டு முறை படித்தார். இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார்.

கொழுந்தன் அவளைப் பார்த்தான். லைசென்ஸ் இல்லாமல் பழகியது குற்றம், இப்போது அவள் பொய் சொல்லியே தீரவேண்டும் என்று அவன் முகம் சொன்னது.

"எங்க சோளக்காட்டுல. இருபத்திரண்டு வருஷமா சுட்டது நான்தான் சார். அவரு ஒரே ஒரு தடவைதான் சுட்டாரு."

"அவரு லைசென்ஸ்ல நீங்க சுட்டது குத்தம். தெரியுமா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். கேஸ் எழுதணும்னா எழுதுங்க. இன்னொரு தடவ அத அவரு கணக்குல எழுத விடமாட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். இத்தனை வருஷத்தில் குற்றத்தைத் தானாக வந்து சொன்னவர்கள் அவர் மேஜைக்கு முன் அதிகம் நின்றதில்லை போலிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று அவள் பேரில் லைசென்ஸ். மற்றது எச்சரிக்கை: மேற்படி துப்பாக்கியால் இருபத்திரண்டு ஆண்டுகளாக உரிமம் இன்றிச் சுட்டுவந்தவர் இவரே, இனி விதி மீறினால் நடவடிக்கை.

லைசென்ஸை அவள் ஒரு பார்வை பார்த்து மடித்தாள். எச்சரிக்கையை எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, கடைசி வரி வரைக்கும் படித்தாள். சுட்டுவந்தவர் இவரே என்ற இடத்துக்குத் திரும்பப் போய் மறுபடி படித்தாள். பிறகு அந்தத் தாளை மேஜைமேல் வைத்து அதிகாரி பக்கம் தள்ளினாள்.

"இதுல சீல் விட்டுப்போச்சு சார். போட்டுக் குடுங்க."