மூத்த வீராங்கனையின் தேன் கேக்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: காமா நதிக்கரையின் பெருமை, நமது பனி அரங்கத்தின் அணையா விளக்கு, மூத்த வீராங்கனை அக்லாயா வெர்ஷினினா அவர்களின் ஒப்பற்ற சாதனைகளைப் போற்றும் மாபெரும் விழா இன்று காலை பதினொரு மணிக்கு நடைபெறும். அன்னாரது வாழ்வின் புதிய அத்தியாயம் அவ்வமயம் அறிவிக்கப்படும். அனைவரும் வருக.

மூத்த வீராங்கனைக்கு வயது பதினேழு.

அறிவிப்பை எழுதியவர் மாகாணச் சறுக்கு நடனச் சங்கத் தலைவர் இன்னகெந்தி லிவோவிச். அதில் அக்லாயாவுக்குப் பிடித்தது ‘புதிய அத்தியாயம்’ மட்டும்தான். முதுகெலும்பில் விரிசல் கண்டு நான்கு மாதம் கட்டோடு கிடந்தவள் அவள். போன வாரம்தான் டாக்டர், “தாவலாம். ஆனா நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதே” என்று பெரிய மனது பண்ணியிருந்தார். அடுத்த மாதம் தேசிய அணித் தேர்வு. அதற்குப் போகிறவர்களின் பட்டியலில் தன் பெயரைத் தலைவர் மேடையில் வாசிப்பார் என்று நம்பி, ஸ்கேட்ஸ் பிளேடைச் சாணை பிடித்துக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

எட்டு மணிக்கே வந்து, எடை பார்க்கும் வரிசையிலும் நின்றாள். ஆறு வயதிலிருந்து அவளுக்குப் பொழுது விடிவதே அந்த எந்திரத்தின் மேல்தான். நாற்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் அன்று பனியில் கால் வைக்க முடியாது. பயிற்சியாளர் ரிம்மா அர்காதியெவ்னா அவளை மட்டும் செல்லப் பெயரால் அழைத்து, கையால் ஒதுக்கினார்.

“நீ தள்ளி நில்லு கிளாஷா. இன்னைக்கு உன் நாள்.”

அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பது நிமிடம் அரங்கத்தின் கூரையைத் தாம் மாற்றிய வரலாறு. பட்டியல் வரவில்லை. பூங்கொத்து வந்தது. அதை நீட்டிய உல்யானாவுக்கு வயது பன்னிரண்டு. காற்றில் நான்கு சுற்று சுற்றிவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டே இறங்குகிற பிள்ளை.

“அக்கா, உங்க லாக்கர எனக்குக் குடுத்துட்டாங்க. உங்க சாமானெல்லாம் பையில கட்டி வெச்சிருக்கேன். கோச்சுக்காதீங்க.”

அடுத்து தேன் கேக் வந்தது. ரிம்மா அர்காதியெவ்னா தம் கையாலேயே வெட்டினார், செங்கல் பருமனுக்கு. ஒரு பிறந்த நாளன்று அக்லாயாவின் வாயிலிருந்து பிஸ்கட்டை விரல் விட்டு எடுத்த அதே கை.

“எனக்கு வேணாம் ரிம்மா அர்காதியெவ்னா. காலைல எடை பாக்கணுமே.”

“உன்ன இனிமே யாருடி எடை பாக்கப் போறா? சாப்பிடு.”

அப்போதுதான் அக்லாயாவுக்கு விளங்கியது. தலைவரின் நாற்பது நிமிடம் சொல்லாததை ஒரு கேக் துண்டு சொல்லிவிட்டது. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு, ஓரத்திலிருந்த எடை எந்திரத்தின் மேல் போய் ஏறினாள், கையில் பூங்கொத்தோடு.

“பாருங்க! நாப்பத்தி நாலு! பூவோட சேத்து! நான் தேர்வுக்கு வரேன். பாட்டக் கூடப் போட வேண்டாம், ஒரே ஒரு தடவ தாவிக் காட்டறேன்.”

கூட்டம் கைதட்டியது. விழாவில் இதுவும் ஒரு அங்கம் என்று நினைத்துவிட்டார்கள். தலைவர் எல்லாரையும் விட ஓங்கித் தட்டினார். “என்ன உற்சாகம் பாருங்க! இதுதான் நம்ம நகரத்தோட ஆன்மா!”

ரிம்மா அர்காதியெவ்னா கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “எறங்குடி. நீ நாலு மாசம் படுத்திருந்தே. அந்த நாலு மாசத்துல உல்யானா வளந்துட்டா. புத்தாண்டு பனி நாடகத்துல கரடி வேஷம் காலியா இருக்கு, உனக்குத்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். கரடிய யாரும் எடை பாக்க மாட்டாங்க.”

“அப்ப புதிய அத்தியாயம்?”

“அதான் சொன்னேனே. கரடி.”

அக்லாயா இறங்கினாள். அவள் கால் பட்ட எந்திரத்தை உல்யானா கைக்குட்டையால் துடைத்துவிட்டாள், அவளுக்கு எதையும் சுத்தமாக வைத்திருக்கிற பழக்கம். படம் எடுப்பவர் அவள் வைத்துவிட்டுப் போன தட்டை நீட்டி, “வாய்ல வைக்கிற மாதிரி ஒண்ணு” என்றார். பதினொரு வருடப் பசியை ஒன்றாகத் திரட்டி, அக்லாயா அந்தச் செங்கல்லில் பாதியை ஒரே கடியாகக் கடித்தாள்.

கேக் நேற்றையது, காய்ந்திருந்தது.